பகுதிநேரப் படைவீரரின் வேலைக்கு யார் பொறுப்பு?

(பெங்களூரு பிரேசர் டவுனில் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

1809இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்குப் பாசறை மாற்றியது. அதையொட்டி வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இந்தக் கண்டோன்மென்ட் பகுதியில் இன்றும் வாழ்கின்றனர். பட்டாளம் என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதன்று. ஆயினும் பகுதிநேரப் பட்டாளத்தைப் பற்றி நாம் பேசியதில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பிராந்திய ராணுவத்தை, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்தார். தொழிலையும் விடாமல், தேவை நேர்கையில் நாட்டையும் காக்கும் குடிமக்கள் படை என்பதே அதன் கருத்து. நிரந்தரப் படையிலிருந்து படிப்படியாகக் குடிமக்கள் படைக்கு மாற வேண்டும் என்று ஏங்கெல்ஸ் 1893இலேயே எழுதினார். ஆகவே இக்கருத்தோடு நமக்குப் பகை இல்லை. அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

காலாட்படைப் பிரிவில் சேர்பவர் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு மாதம் பயிற்சி பெற வேண்டும். அந்நாள்களுக்கு ஊதியம் உண்டு. ஓய்வூதியத்துக்கோ, சிப்பாய்க்கு 15 ஆண்டு அணிதிரட்டப்பட்ட பணி தேவை. ஆண்டுக்கு இரண்டு மாதம் என்ற கணக்கை முழுமையாகச் சேர்த்தாலும், 15 ஆண்டு நிறைய 90 ஆண்டுகள் வேண்டும்!

படைப்பணி முடிந்து திரும்புபவரை மீண்டும் வேலையில் அமர்த்துவது வேலையளிப்பவரின் கடமை என்று சட்டம் கூறுகிறது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ‘வேலையளிப்பவர்’ என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். செயலி வழியே உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு வேலையளிப்பவர் யார்? மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே அவரை 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வரையறுக்கிறது. முதலாளியே இல்லை என்றால், திருப்பி வேலை கொடுக்கும் கடமை யாருக்கு?

2025 மே 6 அன்று ஒன்றிய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிராந்திய ராணுவத்தினர் அனைவரையும் அழைக்கும் அதிகாரத்தை அது தரைப்படைத் தளபதிக்கு வழங்கியது. 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ அணிதிரட்டவும் இசைந்தது. நிதி ஒதுக்கீடோ உள்சேமிப்போ இருந்தால் மட்டுமே திரட்டலாம், பிற அமைச்சகங்கள் கேட்டால் செலவு அவற்றின் கணக்கில் என்றும் அந்த ஆணை கூறியது. அமைச்சகங்களின் கணக்கு இவ்வளவு துல்லியம். அழைக்கப்பட்டவரின் வீட்டு வாடகைக் கணக்கு மட்டும் எங்கும் இல்லை.

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டமும் இதே திசைதான்: நான்கு ஆண்டு உழைப்பு, நிரந்தரம் 25 விழுக்காடு வரை, மற்றவர்க்கு ஓய்வூதியம் இல்லை. தேசபக்தியை ஊருக்கு உரைப்பவர்கள் அதன் விலையை உழைப்பாளியிடம் வசூலிக்கிறார்கள்.

நம் கோரிக்கைகள் மூன்று. பயிற்சிக் காலத்தில் இழக்கும் வருவாயை அரசு முழுமையாக ஈடுசெய்க. வேலைப் பாதுகாப்பை ஒப்பந்த, செயலித் தொழிலாளர்க்கும் விரித்திடுக. பயிற்சிக்கும் படைப்பணிக்கும் ஆகும் செலவை நிதிநிலை அறிக்கையில் தனித்தலைப்பில் ஒதுக்குக.

தோழர்களே, ஆயத்த ஆடைத் தொழிலாளரிடமும் செயலித் தொழிலாளரிடமும் அடுத்த முறை பேசும்போது இந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். சீருடை அணிந்தாலும் அவர் தொழிலாளியே. அவருக்காகப் பேச வேண்டியவர்கள் நாமே.