தோட்டத்து மோட்டார் சைக்கிளும் அதன் பின்சக்கரமும்

சபரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. மலையும் ஆறும் மழையும் மலிந்த இம்மாகாணத்திலே, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை முதலாகத் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய ஈறாகத் தேயிலைத் தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. பஸ் வண்டி பெருந்தெருவோடு நின்றுவிடும். அதற்கப்பால் லயத்துக்குச் செல்லும் வழி பெரும்பாலும் கல்லும் மண்ணும் கலந்த ஏற்றப் பாதையே ஆகும். அந்தப் பாதையை எளிதாக வெல்லக்கூடிய வாகனம் மோட்டார் சைக்கிள் ஒன்றே.

முன்னொரு காலத்தில் தோட்டத்திலே மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டால், சின்னத்துரை மலை பார்க்க வருகிறார் என்பது பொருள். இன்று அந்த நிலை மாறிவிட்டது. லயத்து இஸ்தோப்பிலே, விறகுக் கட்டுக்கும் தண்ணீர் வாளிக்கும் பக்கத்திலே, தொழிலாளியின் மகன் தவணைப் பணத்திலே வாங்கிய மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. காலையிலே தங்கையைப் பாடசாலைக்குக் கொண்டு செல்வதும், பகலிலே இறப்பர்ப் பாலையோ கொழுந்து மூட்டையையோ சுமப்பதும், இரவிலே நோயுற்ற தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வதும் அந்த ஒரே வண்டிதான். ஆகவே அது பழுதுபட்டு நின்றால் ஒரு குடும்பமே நின்றுவிடுகின்றது.

புதிய வண்டி வாங்குவது எல்லாக் காலத்திலும் இயல்வதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளிலே பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. கராஜ் தொலைவில் இருப்பதாலும், பாஸ்மாருக்குக் கொடுக்கும் கூலி மிச்சமாகும் என்பதாலும், வீட்டு வாசலிலேயே பின்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் தோட்டத்து இளைஞரிடையே வேரூன்றியிருக்கின்றது. பழக்கம் நல்லதே. ஆயினும் அதனை முறையறிந்து செய்தல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் ஏன் பின்புறமே அடிக்கடி பழுதுபடுகின்றது என்பதை முதலில் அறிதல் நன்று. இயந்திரத்தின் வலு செயின் வழியாகப் பின்சக்கரத்துக்கே செல்கின்றது. பின்னால் இருப்பவரின் பாரமும் மூட்டையின் பாரமும் அதன்மீதே இறங்குகின்றன. வண்டி எழுப்பும் சேறும் செயினிலேயே படிகின்றது. ஆதியிலே வந்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருந்தது. குழியில் விழுந்த அதிர்ச்சி முழுவதையும் ஓட்டுபவரின் முதுகெலும்பே தாங்கிற்று. இக்குறையைத் தீர்க்கப் பலர் பல வழிகளை முயன்றனர். 1950ஆம் ஆண்டிலே நோர்ட்டன் கம்பனி பந்தய வண்டிகளில் இறக்கிய சட்டம் அவற்றுள் பெயர் பெற்றது. அதனை வகுத்தவர் பெல்பாஸ்ட் நகரத்தவரான ரெக்ஸ் மக்கண்ட்லெஸ் என்பவர். கவை போன்ற ஒரு கையிலே சக்கரத்தைப் பூட்டி, இருபுறமும் இரண்டு ஷொக் அப்சோபர்களால் தாங்கச் செய்யும் அமைப்பு அதில் இருந்தது. சுவிங் ஆர்ம் என்று பாஸ்மார் சொல்லும் அந்தக் கைதான் இன்று தோட்டப் பாதையில் ஓடும் சிறு வண்டிகளிலும் காணப்படுகின்றது.

இந்த அமைப்பைத் தம் தேவைக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் இளைஞர் பலர். ஏற்றத்தில் வண்டி திணறாதிருக்கப் பின்னாலுள்ள பல்சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒரு மாற்றம். முன்னே 14 பற்களும் பின்னே 42 பற்களும் உள்ள வண்டியில், பின்னதை 45 ஆக்கினால் இழுக்கும் வலு நூற்றுக்கு ஏழு பங்கு கூடும்; வேகம் அந்த அளவுக்குக் குறையும். கற்களில் அடிபடாதிருக்க நீளமான ஷொக் அப்சோபர்களைப் பூட்டி வண்டியின் பின்புறத்தை உயர்த்துவது இன்னொரு மாற்றம். மூட்டை கட்ட இரும்புச் சட்டம் பொருத்துவது மற்றொன்று. இத்தகைய மாற்றங்களில் எவை அனுமதிக்கப்பட்டவை என்பதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பின்னரே செய்தல் முறையாகும்.

மாற்றிய வண்டியைத் திருத்த முற்படும்போதுதான் ஒரு சிக்கல் தோன்றுகின்றது. நடுத்தாங்கியின் உயரம், தொழிற்சாலையில் பூட்டிய ஷொக் அப்சோபர்களுக்கு ஏற்ப அமைந்தது. பின்புறம் உயர்த்தப்பட்டதும் அந்தத் தாங்கி குட்டையாகிவிடுகின்றது. வண்டியை அதிலே ஏற்றி நிறுத்தினாலும் பின்சக்கரம் நிலத்தைவிட்டு எழுவதில்லை. உடனே கைக்கு எட்டியதைக் கொண்டு முட்டுக்கொடுக்கத் தோன்றும். இரண்டு புளொக் கற்களை அடுக்குவார் சிலர். லயத்துக் கூரையின் வளையிலே கயிறு கட்டித் தூக்குவார் வேறு சிலர். இரண்டும் ஆபத்தானவை. புளொக் கல் ஓரிடத்திலே குவியும் பாரத்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். லயத்துக் கூரைமரமோ தகரத்தைத் தாங்க வைத்தது. ஆண்டுக்கணக்கான மழையிலும் கறையானிலும் எவ்வளவு உளுத்திருக்கின்றதென்பதை வெளியே நின்று அறிய முடியாது.

இரத்தினபுரியிலே மாணிக்கக் கல் அகழும் தொழிலாளர் ஒரு முறையைப் பின்பற்றுகின்றனர். குழியை ஆழமாக்குந்தோறும் சுவர்களுக்கு மரச்சட்டம் கொடுத்து, இலைதழைகளைச் செருகி, மண் சரியாதபடி காத்துக்கொண்டே கீழே இறங்குகின்றனர். முட்டு முதலில், வேலை பின்னர் என்பதே அவர்களின் நெறி. மோட்டார் சைக்கிளின் கீழே கைவைப்பவனும் இந்நெறியையே கொள்ளல் வேண்டும்.

சிறிய மோட்டார் சைக்கிள் ஒன்றின் நிறை ஏறக்குறைய 110 கிலோகிராம். அதிலே பாதியளவு, அதாவது 55 கிலோகிராம், பின்சக்கரத்தின்மேல் நிற்பதாகக் கொள்ளலாம். இதை முதுகு வளைத்துத் தூக்கவேண்டிய தேவையில்லை. தோட்டத்து வீடுகளில் அலவாங்குக்குப் பஞ்சமில்லை. முட்டுக்கட்டையிலிருந்து வண்டியின் பக்கம் ஓரடியும், கைப்பிடிக்கும் பக்கம் நான்கடியும் இருக்குமாறு அலவாங்கை வைத்தால், 55 கிலோகிராம் பாரத்தை 14 கிலோகிராம் விசையால் உயர்த்திவிடலாம். அது ஒரு கூடை கொழுந்தின் பாரத்துக்கு மேற்படாது. ஒருவர் அலவாங்கை அழுத்த, மற்றொருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தாங்குகட்டையை உள்ளே தள்ளவேண்டும். இவ்வேலைக்கு இருவர் தேவை, தனியொருவர் முயலலாகாது.

தூக்குவதற்கு முன்னர்ச் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, சமதரையைத் தேர்தல். இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. வாசல் மண் எப்போதும் இளகியே இருக்கும். ஆகையால் அகன்ற பலகையொன்றை நிலத்தில் இட்டு, அதன்மேலேயே தாங்குகட்டை வைத்தல் வேண்டும். இரண்டாவது, முன்சக்கரத்தைச் சுவரோடு அணைத்து, முன் பிரேக்கை இறுக்கி, பழைய டியூபிலிருந்து வெட்டிய நாடாவால் அதன் பிடியைக் கட்டிவிடுதல். மூன்றாவது, சாவியை எடுத்துவிட்டுக் கியரை நியூட்ரலில் வைத்தல். நான்காவது, பின்சக்கரம் நிலத்தில் ஊன்றி நிற்கும்போதே அச்சின் நட்டைச் சற்றுத் தளர்த்திவிடுதல். வண்டியைத் தூக்கிய பின்னர் அந்த இறுகிய நட்டோடு போராடுபவன் வண்டியைத் தானே தள்ளிவிடுகிறான்.

தாங்குகட்டை பலாமரம் போன்ற உறுதியான மரமாயிருத்தல் நல்லது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக அடுக்கிய கட்டைகள் நெடுக்காக நிறுத்திய ஒற்றைக் கட்டையைவிட நிலையானவை. அவை தாங்கவேண்டிய இடம் இயந்திரத்துக்குப் பின்னே, சுவிங் ஆர்ம் சட்டத்தோடு சேரும் பகுதிக்கு அண்மையிலுள்ள தடித்த இரும்புச் சட்டமாகும். சைலன்சரின் மீதோ, இயந்திரத்தின் மெல்லிய அலுமினியப் பகுதிகளின் மீதோ பாரத்தை ஏற்றக்கூடாது. சக்கரம் நிலத்திலிருந்து இரண்டு விரற்கடை எழுந்தால் போதும். வைத்தபின் வண்டியை இருபுறமும் மெதுவாக அசைத்துப் பார்த்து, ஆட்டமில்லை என்று கண்ட பின்னரே வேலை தொடங்கவேண்டும். அந்நேரத்திலே சிறுவர் அருகே விளையாடாதபடி பார்த்துக்கொள்வது வீட்டாரின் கடமை.

இனித் திருத்தும் வேலை. முதலிலே சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கவேண்டும். கரகரவென்ற ஓசை எழுந்தாலோ, டயரைப் பிடித்து இடமும் வலமும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தாலோ பேரிங் தேய்ந்ததென்று கொள்ளலாம். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல ஒருபுறம் வளைந்திருந்தால், செயினையும் இரண்டு பல்சக்கரங்களையும் ஒருங்கே மாற்றவேண்டும். செயினை மட்டும் புதிதாக்கினால் பழைய பற்கள் அதனை விரைவிலேயே தின்றுவிடும்.

செயினைத் துடைப்பதற்கு இயந்திரத்தை ஓடவிட்டுத் துணியைப் பிடிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனைப் போன்ற பேதைமை வேறில்லை. செயினும் பல்சக்கரமும் சேருமிடத்தில் துணி சிக்கினால், அதைப் பிடித்த விரலும் கண் இமைக்கும் முன் உள்ளே போய்விடும். கொழுந்து பறிப்பதும் பால் வெட்டுவதும் விரலை நம்பிய தொழில்கள். ஆதலால் சக்கரத்தைக் கையாலேயே சுழற்றி, மண்ணெண்ணெய் நனைத்த தூரிகையால் துடைத்து, உலர்ந்த பின் கியர் எண்ணெய் இடுதலே முறை. மண்ணெண்ணெய் பிரேக்கினுள்ளே செல்லாதபடியும், அடுப்பு எரியும் காம்பராவுக்கு அருகில் வேலை நடவாதபடியும் பார்த்துக்கொள்ளவேண்டும். பிரேக்கினுள்ளே படிந்த தூளை வாயால் ஊதுவதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் நலம்.

செயினின் தொய்வை அளப்பதிலே ஒரு நுட்பம் உண்டு. வண்டியைத் தூக்கியதும் சக்கரம் கீழே தொங்குகின்றது. அப்பொழுது செயின் தளர்ந்ததுபோலத் தோன்றும். அதை நம்பி இறுக்கிவிட்டால், வண்டி நிலத்தில் இறங்கி இருவரும் ஒரு மூட்டையும் ஏறியதும் சுவிங் ஆர்ம் மேலெழுந்து, செயின் வில்நாண்போல விறைத்துவிடும். செயின் அறுவதும் கியர்ப்பெட்டியின் பேரிங் கெடுவதும் இதனாலேயே நிகழ்கின்றன. பின்புறம் உயர்த்தப்பட்ட வண்டியிலே இந்த வேறுபாடு இன்னும் அதிகம். எனவே வண்டியை இறக்கி, ஒருவரை அமரச்செய்து, கீழ்ச்செயினின் நடுவிலே தொய்வை மீண்டும் பார்த்தல் வேண்டும். வண்டியோடு வந்த கைந்நூலில் குறித்த அளவைக் கொள்ளலாம். மாற்றிய வண்டியானால், பாரம் ஏறிய நிலையிலும் செயினில் சிறிது தொய்வு எஞ்சியிருக்கின்றதா என்பதே உரைகல்லாகும். அச்சின் இருபுறத்திலுமுள்ள அடையாளக் கோடுகள் சமமாக நிற்கின்றனவா என்பதையும் கவனிக்கவேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாகவே ஓடும்.

ஷொக் அப்சோபர்களை மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றையே கழற்றுதல் நன்று. மற்றது சக்கரத்தை நிலையில் வைத்திருக்கும். போல்ட் இறுகிக்கொண்டால் டயருக்குக் கீழே மெல்லிய பலகையொன்றைச் செருகிச் சக்கரத்தைச் சற்று உயர்த்த, போல்ட் தானே இளகி வரும். ஷொக் அப்சோபரின் சுருளை மட்டும் வீட்டிலே பிரிக்க முயலலாகாது. அழுத்தி வைத்த சுருள் அம்புபோல் பாயும். சுவிங் ஆர்மில் வெடிப்புக் கண்டாலும் வீட்டுத் திருத்தம் போதாது. தேர்ந்த பாஸிடம் கொண்டு செல்லவேண்டியதுதான்.

பூட்டும்போது மறதியே பெரும் பகை. கழற்றிய நட்டுகளையும் வளையங்களையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைத்தால், அதற்கு எதிர் வரிசையில் அவை தம் இடத்தைச் சேரும். செயின் இணைப்பின் கவ்வியிலே மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியிருத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது, பிரேக் தட்டைச் சுழலவிடாமல் சுவிங் ஆர்மோடு பிடித்திருக்கும் சிறு கம்பி. அதன் போல்ட்டைப் பூட்ட மறந்தால், இறக்கத்தில் பிரேக்கை மிதித்த கணமே தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று, பிரேக் கம்பியை முறித்து, சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம் என்று அமைந்த தோட்டப் பாதையிலே அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சிறு போல்ட் ஒன்று, அதைக் காக்கும் கொட்டர் பின் ஒன்று. மூன்று பேரின் உயிர் அவற்றிலே தங்கியிருக்கின்றது.

கடைசியாக வண்டியை நிலத்தில் இறக்கி அச்சின் நட்டை முற்றாக இறுக்கவேண்டும். பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பார்த்து, பத்தடி தூரம் கையால் தள்ளிச் சென்று, அதன்பின் சமதரையிலே மெதுவாக ஓட்டிப் பார்த்தல் வேண்டும். இறக்கத்திலே முதற் சோதனை செய்தல் தகாது.

இவையெல்லாம் சேர்ந்து அரைநாள் வேலைதான். விலையுயர்ந்த கருவிகள் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு பலகை, சில மரக்கட்டைகள், ஓர் அலவாங்கு, அளவான ஸ்பேனர்கள், உதவிக்கு ஒரு துணைவர் ஆகியவை போதும். தூக்கும் முறையில் பொறுமை காட்டினால் திருத்தும் வேலையில் பாதி முடிந்ததாகும். அடுத்த நாள் விடிகாலையிலே பெரட்டு மணி அடிக்கும் வேளையில், அந்த வண்டி நம்பிக்கையோடு மலை இறங்கும். பின்னால் அமர்ந்த பிள்ளையும் நேரத்தோடு பாடசாலை சேரும்.