கதிர்காமத்துக் கரைவழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து, தென்கிழக்குக் காட்டினுள் இருக்கும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் வழி 300 மைலுக்கு மேற்பட்டது. வைகாசியிற் புறப்படும் அடியார்கள் ஆடித் திருவிழாவின் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர்வர். ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. கதிர்காமம் அருணகிரிநாதர் பாடிய தலம் என்பதையும், தமிழரேயன்றிச் சிங்கள மக்களும் முஸ்லிம் மக்களும் அங்கே கூடுகின்றனர் என்பதையும் நேயர்கள் அறிவர். தலத்தின் பெருமை பலராலும் பேசப்பட்டது. அங்கே செல்லும் வழியின் இயல்பு அத்துணை பேசப்பட்டதில்லை.

இந்த வழியை ஒருவரும் வெட்டியமைக்கவில்லை. பெரும்பகுதிக்குக் கடற்கரை மணலே பாதை. பருத்தித்துறையைக் கடந்து தெற்கே திரும்பினால் மணற்காடு, நாகர்கோவில், தாளையடி, சுண்டிக்குளம் எனக் கரை நீண்டு சென்று வன்னியை அடையும். முல்லைத்தீவை அணுகும்போது வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலிலே தங்கி இளைப்பாறுவர். விடியுமுன் நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஒரு கோயிலையோ மடத்தையோ மரநிழலையோ அடைந்துவிடவேண்டும். அலை தொட்டு மீளும் ஈரமணல் காலுக்கு உறுதியானது. அதற்கு நாலு முழம் மேலே ஏறினால் கால் புதையும், உச்சிவேளையிற் பாதமும் வேகும்.

இந்நடை ஏன் இக்காலத்திலே நிகழ்கின்றது என்பதற்குச் சமயம் சொல்லும் விடை ஒன்று. நிலமும் கடலும் சொல்லும் விடை வேறொன்று. கிழக்குக் கரையிலே களப்புகளும் ஆறுகளும் மிகப் பல. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை கொட்டும்போது அவை பெருகி, வாயிலை அடைத்த மணற்றிடலை உடைத்துக்கொண்டு கடலிற் பாயும். அப்பொழுது கரையோரமாக ஒருவர் பத்து மைல் தொடர்ந்து நடப்பதும் அரிது. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் நிலை மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டிலும் மேற்கிலும் சொரிந்துவிட்டு, கிழக்கே வரண்ட காற்றாகவே வந்து சேரும். ஆறுகள் மெலியும். கடலலை கொணரும் மணல் பல முகத்துவாரங்களை மூடிவிடும். நேற்றுத் தோணி ஓடிய இடத்திலே இன்று மனிதர் நடந்து போவர். இப்பாதை ஆண்டிற் சில மாதங்களுக்கு மட்டுமே இருப்பது. அந்த மாதங்களிலேயே அடியார்களும் நடக்கின்றனர்.

கடலும் அப்போது அமைதியாயிருக்கும். ஆதலால் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வந்து முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளிலே வாடி அமைத்துக் கரைவலை இழுப்பதும் வழக்கம். அவர்களுட் பலர் கத்தோலிக்கர். வேல் தாங்கிய தலைவரைப் பின்பற்றி, ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைத்துக்கொண்டு வரும் கூட்டத்துக்கு, கிணறில்லாத கரையிலே வாடித் தண்ணீரும் அமுதம்.

எல்லா நீரும் மூடுவதில்லை. கொக்கிளாய்க் களப்பின் வாயிலைத் தோணியிலேறிக் கடப்பது பழைய வழக்கம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே துறைக்குத் துறை பாதைப்படகுக்குக் காத்திருந்த காலமும் இருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தெற்கே மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. ஊராருக்கு அது பெரும் பேறு. நடப்பவர்களோ ஈரமணலை விட்டுத் தார்வீதிக்கு ஏறினர். கொப்புளம் மணலைவிடத் தாரிலே விரைவில் உண்டாகும்!

வெருகல், அமிர்தகழி, மண்டூர், திருக்கோவில் எனக் கோயில்கள் வழிநெடுகத் தங்குமிடமாகின்றன. இடையிலே முஸ்லிம் ஊர்கள் பல; அங்கும் தாகத்துக்கு நீரும் மோரும் கிடைக்கும். பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையிலே தமிழரும் சிங்களவரும் கலந்து வாழ்கின்றனர். இத்தகைய பாதை மணலினால் மட்டும் ஆனதன்று. எந்த ஊரிலே எந்தக் கிணறு உவரில்லாதது, எந்த வீட்டிலே கஞ்சி கிடைக்கும் என்பதை முன் நடந்தவர் பின் வருபவருக்குச் சொல்லவேண்டும். 1983 இன் பின் போர் மூண்டபோது அறுந்தது இந்தத் தொடர்பே. கிழக்கிலிருந்து சிறு கூட்டங்கள் அவ்வப்போது நடந்தன. வடகரையிலிருந்து நடை நின்றது. 2004 மார்கழியில் ஆழிப்பேரலை கரையூர்களைத் துடைத்தது. 2009 இல் போர் முடிந்தபின் சந்நிதியிலிருந்து மீண்டும் புறப்பட்டவர்கள், அறிமுகமான வீடுகளின்றி வெறுங்கரைகளைக் கடக்க நேர்ந்தது.

உகந்தைமலையோடு ஊர் முடிந்து காடு தொடங்கும். அதன்பின் கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என ஏறக்குறைய ஐந்து நாள் நடை. யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் நிலம். யால 1938 இலும், கூமுனையை உள்ளடக்கிய கிழக்குப் பகுதி 1970 இலும் தேசிய வனமாயின. ஆதலால் இப்பாதை ஆண்டுக்கொருமுறை, குறித்த சில நாட்களுக்கே திறக்கப்படும். நாளைத் தீர்மானிப்பது அலுவலகம். கதவு பிந்தித் திறந்தால், மாதக்கணக்காக நடந்து வந்தவர்கள் உகந்தையிலே கைச்சோறு குறையக் காத்திருக்கவேண்டும். முந்தி மூடினால் பின் வருபவரின் நடை அங்கேயே முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில அரசும், வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தால், அனுமதிச்சீட்டின்றி எவரும் கதிர்காமம் போகலாகாது என்று விதித்திருந்தது.

அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இப்போது உகந்தையிலே வந்து சேர்ந்து காட்டை மட்டும் நடப்போர் ஆயிரக்கணக்கினர். கூமுனை வில்லிலே பறவைகள் கூடு கட்டும் காலமும் இதற்கு அண்மையதே. முந்திய கூட்டங்கள் பிடியரிசியும் பாத்திரமும் சுமந்தன; இன்றைய கூட்டம் பிளாஸ்டிக் போத்தலும் சுமக்கின்றது, ஆனால் வெறும் போத்தலைத் திரும்பச் சுமப்பதில்லை. வற்றிய ஆற்றுமணலிலே ஊற்றுத் தோண்டி நீர் அள்ளத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் உளர். ஊற்றைப் பயன்படுத்தியபின் பக்கத்து மணல் சரியாமல் விட்டுச்செல்வது அவர்கள் வழக்கம். இரவிலே விலங்குகளும் அங்கு நீர் குடிக்க வரும்.

மாணிக்க கங்கையிலே தீர்த்தம் முடிந்ததும் எல்லோரும் பேருந்திலேறி ஊர் திரும்புவர். வடக்கே திரும்பி நடப்பவர் இலர். சில மாதங்களிலே வாடைக்காற்று எழும். முகத்துவாரங்கள் ஒவ்வொன்றாக உடைத்துக்கொள்ளும்.