நந்தன் பாட்டும் வேதியர் பாட்டும்



கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் இத்திருவிழாவிற் பேச அழைத்தபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பற்றிப் பேசுக என்று அன்பர்கள் பணித்தனர். நாம் சிறிது தயங்கினோம். அக்கதையைச் சொல்வோர் சேரியின் குடியையும் கூத்தையும் சிரிப்புக்காக நீட்டுவதுண்டு. 2024 சூன் திங்களில் நச்சுச் சாராயத்தால் இப்பகுதியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த வீடுகளுக்கு நடுவே நின்று அத்தகைய சிரிப்பை எழுப்ப நமக்கு நாவெழாது; ஆகவே அப்பகுதியை விடுத்தே பேசுகின்றோம்.

இம்மாவட்டத்திற்கும் நந்தனாருக்கும் உறவில்லாமலில்லை. திருநாளைப்போவார் என்னும் பெயரைத் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் பாடிய சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த திருநாவலூர் இம்மாவட்டத்து ஊரே. அவர் ஓரடியிற் குறித்ததைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் புராணமாக விரித்தார். அதனை நாடகப் பாங்கான கீர்த்தனைகளாக்கியவர், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்த பாரதியார். அந்நூல் 1860களின் தொடக்கத்தில், பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் காரைக்காலில் அச்சேறிற்று.

இந்நூலுக்குச் சிறப்புக்கவி தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் இசையவில்லை. சொற்பிழைகளைக் கண்டு மனம் ஒப்பவில்லை. பாரதியார் பன்முறை வந்து காத்திருந்தார். ஒருநாள் பிள்ளை உண்டு இளைப்பாறிக்கொண்டிருக்கையில், திண்ணையில் அமர்ந்து தாமே பாடத் தொடங்கினார். அந்த இசையில் உருகிய பிள்ளை எழுந்து வந்து கவி அளித்தார் என்பது அவர் மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்த செய்தி. பிழைகளை நாமும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஏட்டைப் பார்த்து மறுத்தவர் பாட்டைக் கேட்டு இசைந்தார் அல்லரோ! இவை கேட்டற்குரியன, பார்த்தற்குரியன அல்ல.

சைவர் சிலர்க்கு வேறொரு குறை உண்டு. சேக்கிழார் வாக்கில் வேதியராகிய பண்ணையாரே இல்லை. அங்கே நந்தனார் ஊர்த்தொழிலுக்கு விடப்பட்ட நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். தில்லைக்குப் போகாதே என்று அவரை எவரும் தடுக்கவில்லை. தம் பிறப்பை நினைந்து தாமே தயங்கி, நாளைப் போவேன் என்கிறார். பாரதியாரோ உள்ளத்தில் இருந்த தடையை வெளியே எடுத்து, ஒரு மனிதராக்கித் திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். புராணத்தை மாற்றினார் என்பது உண்மை. எனினும் அந்த வேதியர் இல்லையேல் இந்நூலில் நாடகம் இல்லை. நந்தன் யாரிடம் கெஞ்சுவான்?

இசையரங்குகளில் நந்தன் பாட்டுக்களே பாடப்படுகின்றன. வேதியர் பாட்டுக்களைப் பாடுவார் அரியர். இது நமக்கு நெடுநாள் மனக்குறை. வேதியர் சினந்து ஏசும் பாட்டின் மெட்டைக் கேளுங்கள்: துள்ளிக் குதிக்கும் மெட்டு. வசைக்கு இத்தனை இனிய மெட்டு எதற்கு என்று இளமையில் நாமும் பாரதியாரைக் குறை கூறியதுண்டு. இப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இக்கதை நடந்த இரவில், களை பறித்துக் காய்ந்த கையுடைய மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, அந்த ஆண்டை பாட்டை இன்னொருக்காப் பாடச் சொல்லுங்க. எங்க ஆண்டையும் சிரிச்சிக்கிட்டேதான் இல்லைம்பாரு” என்றார். அன்று நம் கருத்து மாறிற்று. கொடுப்பதற்கு மனமில்லாதவன் கோபிக்க வேண்டியதில்லை. விளையாட்டாக மறுத்தாற் போதும். அதனை அந்த மெட்டு அறிந்திருக்கிறது. பின்னாளில் சுப்பிரமணிய பாரதியார், சுயராச்சியம் கேட்ட இந்தியனுக்கு ஆங்கிலேய உத்தியோகஸ்தன் கூறும் ஏளன மொழியை இம்மெட்டிலேயே அமைத்தார். எசமானன் குரல் எது என்பது அவருக்கும் தெரிந்தது.

நாற்பது வேலியையும் விளைவித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். காணிக் கணக்கிற் பழகிய நமக்கு வேலி புதிது. நாற்பது வேலி இருநூற்றறுபது ஏக்கருக்கும் மேல். ஓரிரவில் சிவபூதங்கள் அதனை விளைவிக்க, வேதியர் நந்தன் காலில் விழுகிறார். அவ்விடத்துப் பாட்டுக்கள் நம்மை அசைப்பதில்லை. ஏசிய நாவுக்கு அத்தனை மெட்டுச் செல்வம் தந்த புலவர், வருந்திய நாவுக்குச் சிக்கனம் காட்டிவிட்டார்.

திருப்புன்கூருக்கு வருவோம். நந்தி மறைக்க, வெளியே நின்று நந்தன் உருகும் ‘வழிமறைத்திருக்குதே’ இன்று மேடைகளில் நாட்டைக்குறிஞ்சியில் ஒலிக்கிறது. அதற்கு விடையாக இறைவன் நந்தியை நோக்கிச் சொல்வது ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’, பூர்வீகல்யாணியிற் பாடுவர். முன்னதை ஓர் அரங்கிலும் பின்னதை வேறோர் அரங்கிலும் பிரித்துப் பாடுகின்றனர். கேட்டவனுக்கு விடை வர ஆறு திங்களாகிறது! அடுத்தடுத்துக் கேட்டாலன்றோ, ஆணையிட வல்ல இறைவன் வாகனத்தைக் கூடப் பணிவாகவே விலகச் சொல்லும் அழகு தெரியும். வேதியரின் துள்ளல் மெட்டைக் கேட்ட செவிக்கே அப்பணிவின் அருமை விளங்கும்.

1942இல் வெளிவந்த ஜெமினியின் நந்தனார் படத்தில் தண்டபாணி தேசிகர் பாடியவை இனிமையே. அவற்றை நாம் பழிக்கவில்லை. எனினும் இன்றிரவு இங்கே பாடவிருக்கும் பாகவதரிடம், வேதியர் பாட்டை முதலிற் பாடுக, திருப்புன்கூர்ப் பாட்டு இரண்டையும் இடைவிடாது பாடுக என்று வேண்டியிருக்கின்றோம். அவரும் இசைந்துள்ளார். மிருதங்கத்திற்குச் சுருதி சேர்ந்துவிட்டது, நாம் அமர்கின்றோம்.