இலவச அரிசி வந்த வீட்டில் எதை மிச்சம் பிடிப்பது?

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் இருக்கிறது தா.பழூர். வடக்கே போனால் ஜெயங்கொண்டம். ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் கும்பகோணம். ஆற்றோரத்து ஊர்களில் நெல்லும் வாழையும் கரும்பும் விளைகின்றன. மேட்டுப்பக்கம் ஏறினால் மக்காச்சோளம், பருத்தி, நிலக்கடலை, முந்திரி என்று மண்ணே மாறிவிடுகிறது. இப்படி இரண்டு மண்ணும் கலந்த ஓர் ஊரில், கைக்குழந்தையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் இருக்கிற வீட்டில், ஒரு பெண் மாதத்தை எப்படி ஓட்டுகிறாள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அரிசியிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்து வீட்டுச் சிக்கனம் முழுக்க அரிசியைச் சுற்றித்தான் நடந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். விருந்தாள் வந்தாலும், மழை பிடித்துக்கொண்டு வேலை இல்லாமல் போனாலும், அந்தப் பானை கைகொடுக்கும். இன்று அந்தப் பானைக்கு வேலை இல்லை. ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய்க்கு வந்தது, 2008இல் 1 ரூபாய் ஆனது, 2011 ஜூன் மாதத்திலிருந்து காசே இல்லாமல் கிடைக்கிறது. சாதாரண அட்டைக்கு 20 கிலோ வரை. அந்தியோதயா அட்டை என்றால் 35 கிலோ. சோற்றுக்குப் பிடிக்காதவர்கள்கூட இட்லி மாவுக்கு வாங்கி வைக்கிறார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. அரிசிக்காக நகை அடகுக்குப் போன தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் இந்த நன்மைக்குள்ளேயே ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அரிசி இலவசம் என்றானதும், குழந்தையின் தட்டிலும் அரிசியே நிறைந்துவிட்டது. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி மறுபடி சோறோ தோசையோ. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது கூடுதல். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாலில் ஒன்று. எங்கோ பஞ்சப் பிரதேசத்துக் கணக்கல்ல இது; நம் மாநிலத்துக் கணக்கு.

ஆகையால் இன்றைய இல்லத்தரசி அரிசியில் மிச்சம் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பருப்பு, முட்டை, கீரை, கடலை இவற்றுக்கான காசை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் அவளுடைய கணக்கு.

ரேஷனிலேயே 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். அதே பருப்பு மளிகைக்கடையில் நூறு ரூபாயைத் தாண்டுகிறது. பருப்பு வந்த சேதி தெருவில் பரவியதும் பை தூக்கிக்கொண்டு ஓடுவதை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போகிறவளுக்கு அந்த ஒரு கிலோ கைக்கு வந்தால்தான் சாம்பார் கெட்டியாக இருக்கும். கிடைக்காத மாதம் தண்ணிச் சாம்பார்தான்.

அடுத்து, காசு எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். பள்ளிக்கூட வாசலிலும் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகின்றனவே பொட்டலங்கள், அங்கேதான். “அம்மா, பத்து ரூவா குடு” என்று ஒரு பிள்ளை கேட்டால் மற்றதும் கேட்கும். அம்மா மறுத்தால் அப்பாயி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்ப்பாள். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 10 ரூபாய் என்றால் இரண்டு பிள்ளைக்கு மாதம் 600 ரூபாய். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக 2023 செப்டம்பர் முதல் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயில் பாதிக்கு மேல் உப்பும் காற்றும் அடைத்த பொட்டலத்துக்கே போய்விடுகிறது. அந்த ஒரு பொட்டலத்தின் காசுக்கு ஒரு முட்டை வாங்கினால் சில்லறைகூட மிஞ்சும்.

அதற்காகப் பிள்ளைகளை வெறும் வாயோடு உட்கார வைக்க முடியுமா? முடியாது. அக்கம்பக்கத்துப் பிள்ளை கொறிக்கும்போது தன் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதை எந்தத் தாயும் பொறுக்கமாட்டாள். இந்த இடத்தில் ஊரின் மண் உதவுகிறது. ஜெயங்கொண்டம் பக்கத்து நிலக்கடலையில் ஒரு படி வாங்கி, உப்புப் போட்டு அவித்து வைத்தால் ஒரு சாயங்காலம் முழுக்க ஓடும். 100 கிராம் நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 25 கிராம் புரதம். வறுத்து, தோல் நீக்கி, வெல்லப்பாகில் உருண்டை பிடித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை நேரே அந்த டப்பாவைத் தேடும்.

சிக்கனத்தின் இன்னொரு பக்கம் காலம். விவசாயக் குடும்பத்துக்கு வருமானம் சொட்டுச் சொட்டாக வருவதில்லை. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்தால் மொத்தமாக வரும். நடுவில் வெற்றுக் கையோடு பல மாதம் போகும். அந்த இடைவெளியை நூறு நாள் வேலை அடைத்தது என்றாலும், கூலி வங்கிக்கு வந்து சேர மாதக்கணக்கில் காத்திருந்த காலமும் உண்டு. குழந்தைக்கோ பசி தினமும் வருகிறது. மொத்தமாக வருவதை நாள் நாளாகப் பிரித்துப் போடுவது எப்படி? அதற்கான விடை சித்திரை வெயிலில் இருக்கிறது.

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி, பானையில் அடைத்தால் ஆண்டு முழுக்கப் புளிக்குக் கவலை இல்லை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே ஈரம் காயாத வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவது டெல்டாப் பழக்கம். நெல் அறுத்தபின் இருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து, பங்குனி வாக்கில் கைக்கு வரும். அதில் ஒரு மரக்கால் வீட்டுக்கென்று நின்றால், பிள்ளைகளுக்கு உளுந்தங்கஞ்சிக்கும் களிக்கும் ஆயிற்று.

தாளிப்பு வடகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சின்ன வெங்காயம் விலை இறங்குகிற சமயம் பார்த்து மொத்தமாக வாங்குகிறார்கள்; பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. அதை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், உப்பு சேர்த்துப் பிசறி, ஒரு ராத்திரி ஊற வைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் அந்த உருண்டைகளை உடைத்து, பாத்திரத்தில் தங்கிய சாற்றிலேயே மறுபடி பிசைந்து, மறுநாள் திரும்ப உருட்டிக் காய வைப்பது. இப்படியே சாறு வற்றும்வரை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி இன்னும் சில நாள் காய்ந்தால் கறுத்து இறுகிவிடும். பிறகு ஒரு வருஷத்துக்குக் கெடாது. வெங்காயம் கிலோ நூறு ரூபாய் விற்கிற மாதத்தில், அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து எண்ணெயில் பொரித்தால் வெறும் கீரைக்குழம்பும் தெருவரை மணக்கும். கொத்தவரங்காய் வற்றல், மாங்காய் வற்றல் எல்லாம் இதே வெயிலின் வரவுதான். காக்காய் விரட்டுகிற வேலை மட்டும் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்குப் போய்விடும்.

எரிபொருளிலும் இதே சாமர்த்தியம் உண்டு. காலையில் டீக்கும் பாலுக்கும் கேஸ் அடுப்பு. குளிக்க வெந்நீர் போடவும் சோறு வடிக்கவும் கொல்லையில் விறகடுப்பு, அதற்குப் பருத்திமாரும் கருவேல முள்ளும். சிலிண்டர் கூடுதலாகச் சில வாரம் வரும் என்பது வாஸ்தவம். ஆனால் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு புகையில் நிற்பது சிக்கனத்தில் சேராது. அந்தக் காசு பின்னால் இருமல் மருந்தாகப் போகும்.

குழந்தை வளர்ப்புச் செலவில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கதை இந்த வட்டாரத்துக்கு நெருக்கமானது. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த பாப்பாக்குறிச்சி, திருச்சி மாவட்டத்து ஊர். அன்றைக்கு தா.பழூரும் அதே திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு என்பது, களையெடுக்கப் போகிற தாய்க்கு எவ்வளவு பெரிய விடுதலை! இன்று அங்கன்வாடியில் வாரம் 3 முட்டை. பள்ளிக்கூடத்தில் 5 நாளும் முட்டை. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று முறை வைத்து, காய்கறிச் சாம்பாரோடு. கிராமங்களில் அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். தங்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில் சாப்பிடுவதால் உப்பு, காரம் தானாகச் சரியாகிவிடுகிறது.

ஆனாலும் வீட்டுக்கு வருகிற சத்துமாவுப் பொட்டலத்தின் கதி வேறு. கேழ்வரகு, கோதுமை, கடலை, வெல்லம் எல்லாம் கலந்த நல்ல மாவு. கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அப்புறம் அது மாட்டுத்தொட்டிக்குப் போகிறது என்ற புகார் ஊர் ஊருக்கு உண்டு. கெட்டிக்காரத் தாய்மார்கள் அந்த மாவோடு முருங்கைக்கீரையோ தேங்காய்த்துருவலோ சேர்த்துக் கொழுக்கட்டை பிடிக்கிறார்கள், அடை தட்டுகிறார்கள், நெய் விட்டு உருண்டை உருட்டுகிறார்கள். பிள்ளை கேட்டு வாங்கித் தின்கிறது. மாட்டுக்குத்தான் நஷ்டம்.

எடை குறைந்த கைக்குழந்தைக்கு என்ன செய்வது? அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே சாப்பாடு. ஆகவே தாய்க்குத்தான் சத்து கொடுக்க வேண்டும். இந்த எண்ணத்தில் அமைந்த ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15ஆம் தேதி தொடங்கியது. தொடங்கிய இடம் இதே அரியலூர் மாவட்டத்து வாரணவாசி. நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு எல்லாம் கொண்ட பெட்டகம் தாயின் கைக்கு வருகிறது. அந்த நெய் யார் தட்டில் விழுகிறது என்பதை மட்டும் வீட்டில் உள்ளவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். வீட்டு ஆம்பிளைக்கும் விருந்தாளிக்கும் போன பிறகு மிச்சத்தை எடுத்துக்கொள்வதே பெண்ணுக்கு வழக்கமாகிப்போன சமையற்கட்டு நம்முடையது.

துணிமணியில் நம் பாட்டிமாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், வேறு குழந்தை போட்டு மிருதுவான பழந்துணியைப் போடுவது வழக்கம். சாஸ்திரம் என்று சொன்னாலும் சருமத்துக்கு நல்லது, காசும் மிச்சம். நைந்த பருத்திச் சேலை முதலில் தூளி ஆகும், பிறகு அணையாடை ஆகும், கடைசியில் கரித்துணி ஆகும். கடையில் விற்கிற டயாபரை ஊருக்குப் போகும்போது மட்டும் மாட்டிவிட்டால், மாதச் செலவில் ஒரு பெரிய துண்டு குறைந்துபோகும்.

ஆனால் இத்தனை மிச்சத்தையும் ஒரே நாளில் கொண்டுபோகிற ஒன்று இருக்கிறது. வாரத் தவணைக் கடன். காதுகுத்துக்கும் பூப்பு நீராட்டுக்கும் மொய் எழுதவும் சீர் செய்யவும் வாங்கியது ஒரு கடன். அதன் தவணையைக் கட்ட இன்னொரு கடன். தவணைக்காரர் வாசலில் வந்து உட்காரும் நாளில் வீட்டில் அடுப்பு எரியாது. அடாவடி வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சுய உதவிக் குழுவில் மாதாமாதம் சேர்த்த பணத்திலிருந்து குறைந்த வட்டிக்கு எடுப்பது ஒன்று. முன்பின் தெரியாத நிறுவனத்தின் தாளில் கையெழுத்துப் போடுவது வேறொன்று. இரண்டையும் ‘குழுக் கடன்’ என்றே அழைப்பதால் குழப்பம் வருகிறது. பெண் குழந்தை இருந்தால், பத்து வயதுக்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும். சிறுவாட்டுக் காசே அதற்குக் காணும்.

கடைசியாகக் கொல்லைப்புறம். பாத்திரம் விளக்கிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் இரண்டும் வீணாகத் தெருவில் ஓடுகிற வீடுகளில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, நாலு வாழை நிற்க இடம் இருக்கும். சோப்புத் தண்ணீரை வாழைப் பக்கமும், களைந்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கும் திருப்பிவிட்டால் போதும். தண்டங்கீரை மூன்று, நாலு வாரத்தில் பறிக்கலாம். அவரையும் பீர்க்கனும் புடலையும் ஆடியில் விதை போட்டால், அவரை கார்த்திகை, மார்கழியில் பந்தல் நிறையக் காய்க்கும். தா.பழூரை ஒட்டிய சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. விதை, பாத்தி, பூச்சி பற்றிய சந்தேகங்களை அங்கேயே போய்க் கேட்கலாம். ஆடிக்கு முன்னால் ஒருமுறை போய்வருவது நல்லது. போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பந்தல் போடுகிற வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடலாம்.