பாஷை கற்பிக்கும் பள்ளியின் தராதரம்



ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்னும் நமது யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்களிலிருந்து ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்தவர்களின் கதையை எழுதப் புகுந்தால், பாரிஸ், சூரிச் முதலிய நகரங்களோடு, இத்தாலி தேசத்தின் தென்கோடியிலுள்ள சிசிலித் தீவின் பலெர்மோ பட்டினத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். அப்பட்டினத்தை அடுத்துள்ள பெல்லெகிரினோ மலையில் புனித றொசாலியாவின் குகைக்கோயிலுக்குத் தமிழ்க் கத்தோலிக்கரோடு சைவர்களும் நேர்த்தி வைத்து மலையேறுகிறார்கள் என்பது நேயர்களிற் பலர் அறிந்த செய்தி. தெய்வத்தின் சந்நிதியில் தமிழிலேயே முறையிடலாம். ஆனால் வைத்தியசாலையிலும், பொலிஸ் அலுவலகத்திலும், பிள்ளை படிக்கும் பள்ளியிலும் இத்தாலிய பாஷையின்றி ஒரு கருமமும் ஆகாது. ஆகவே அந்தப் பாஷையை அந்நியருக்குக் கற்பிக்கும் பள்ளிக்கு இருக்க வேண்டிய இலட்சணங்கள் எவை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பாஷை தெரிந்திருத்தல் சௌகரியம் என்ற நிலை மாறி, சட்டத்தின் கட்டாயமாகி இப்போது சில ஆண்டுகள் ஆகின்றன. நீண்டகால வதிவிட அனுமதி கேட்போர் ஏ2 நிலைப் பரீட்சையில் தேற வேண்டும் என்ற விதி 2010 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுக்குக் குறையாத அனுமதியோடு முதன்முறையாக உள்ளே வருவோர், அதே நிலையிலான பேச்சறிவை இரண்டு ஆண்டுகளுக்குள் பெறுவதாக ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிடும் வழக்கம் 2012 மார்ச்சில் தொடங்கிற்று. பிரசாவுரிமைக்குப் பி1 வேண்டும் என்ற சட்டம் 2018 டிசெம்பரில் வந்தது. ஏ1 முதல் சி2 வரையுள்ள இந்த ஆறு படிகளும் ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோலைச் சேர்ந்தவை. எந்தப் படியில் நிற்பவர் எதைக் கேட்டு விளங்கிக்கொள்வார், எதைப் பேசுவார், எதை எழுதுவார் என்பதை அது விவரமாகச் சொல்கிறது.

ஒரு சான்றிதழ் இவ்வளவு பெறுமதி பெற்றுவிட்டால், சான்றிதழை மட்டும் விற்கும் வியாபாரமும் கூடவே முளைப்பது உலக வழக்கம். அதற்கு அணை கட்டுவதற்காக இத்தாலியர் கைக்கொண்ட உபாயம் நமது சிந்தனைக்குரியது. கற்பிப்பவர் ஒருவர், பரீட்சித்துத் தீர்ப்புச் சொல்பவர் வேறொருவர் என்று அவர்கள் அதிகாரத்தைப் பிரித்து வைத்தார்கள். சந்தையில் நிறுத்துக் கொடுக்கும் வியாபாரியே தன் தராசுக்குத் தானே முத்திரை குத்திக்கொள்ள முடியாதல்லவா? அவ்வாறே, எந்த ஊரில் எந்தப் பள்ளியிற் படித்திருந்தாலும், சியெனாவிலும் பெருஜியாவிலும் உள்ள அந்நியருக்கான பல்கலைக்கழகங்கள், உரோமாபுரியின் மூன்றாம் பல்கலைக்கழகம், 1889-இல் தோன்றிய தாந்தே அலிகியேரி சங்கம் ஆகிய நான்கு ஸ்தாபனங்களில் ஒன்றன் பரீட்சையிலே தேறினால் அந்தப் பாஷையறிவு அரசாங்கத்தின் முன் செல்லுபடியாகும் என்பது பொதுவான ஏற்பாடு. உதாரணமாக, 1993 முதல் நடைபெறும் சியெனாவின் ‘சில்ஸ்’ பரீட்சையில், விடைத்தாள்கள் எழுதப்பட்ட இடத்திலே திருத்தப்படாமல் சியெனாவுக்கே அனுப்பப்படுகின்றன. எழுதியவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அத்தாளைத் தொடுவதற்கு இடமே இல்லை.

பள்ளிகளையும் அவர்கள் சோதனையின்றி விட்டுவிடவில்லை. தனியார் பள்ளிகள் ‘அசில்ஸ்’ என்ற சங்கத்திலும், ஐரோப்பிய அளவில் 1991-இல் ஏற்பட்ட ‘ஈக்குவல்ஸ்’ என்ற சங்கத்திலும் சேருகின்றன. ஈக்குவல்ஸின் பரிசோதகர்கள் பள்ளிக்கு நேரில் வந்து, வகுப்பின் பின்வாங்கில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து, ஆசிரியரின் தகைமையையும், மாணவரைப் படி பிரித்துச் சேர்க்கும் முறையையும், விளம்பரத்திற் சொன்னது உண்மையில் நடக்கிறதா என்பதையும் பார்த்த பின்னரே அங்கீகாரம் அளிக்கிறார்கள். விளம்பரத்தையும் பரிசோதனைக்குரிய பொருளாக அவர்கள் கருதுவது என் மனத்தை மிகவும் கவர்ந்த அம்சம்.

இனி ஆசிரியரைப் பற்றி. ஒரு பாஷையைத் தாய்மொழியாகப் பேசுவது வேறு, அதை அந்நியருக்கு ஓதுவிப்பது வேறு என்பதை உணர்ந்த சியெனாப் பல்கலைக்கழகம், இத்தொழிலுக்கென்றே ‘தித்தால்ஸ்’ என்னும் தனித் தகைமைப் பரீட்சை நடத்துகிறது. இத்தாலிய அரசாங்கப் பள்ளிகளிலும் அந்நியருக்கு இத்தாலியம் கற்பிக்கும் ஆசிரியருக்கென 2016-இல் ஒரு தனி வகுதி ஏற்படுத்தப்பட்டது. நல்ல ஆசிரியர் தம் முன்னிருக்கும் மாணவன் எந்தப் பாஷையிலிருந்து வருகிறான் என்பதை அறிந்தே பாடத்தைத் தொடங்குவார். மனிதருக்கும் தேவருக்கும் மட்டுமே ஆண்பால் பெண்பால் வகுத்துப் பழகிய தமிழ்ப்பிள்ளைக்கு, இத்தாலியர் மேசையை ஆண்பாலிலும் நாற்காலியைப் பெண்பாலிலும் வைப்பது முதல் நாளே திகைப்பைத் தரும். சொல்லின் தொடக்கத்தில் ‘ப’வை வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் பிரித்துச் சொல்ல அதன் நா வளையாது. ஆனால் மெய்யெழுத்து இரட்டிக்கும் இடங்களில், இங்கிலீஷ்காரர் இடறி விழ, நமது பிள்ளை இலகுவாகக் கடந்து போகும். எங்கே விரைவது, எங்கே தாமதிப்பது என்ற இந்த விவேகம் இல்லாதவர், எவ்வளவு சரளமாகப் பேசினாலும், அப்பியாசப் புத்தகத்தின் பக்கங்களை மட்டுமே புரட்டிக்கொண்டிருப்பார்.

இவ்விடத்தில் நமது மண்ணின் பெருமகன் ஒருவரை நினைவுகூர வேண்டும். 1913-இல் ஊர்காவற்றுறையின் கரம்பொனிலே பிறந்து, அவ்வூர்ப் புனித அந்தோனியார் கல்லூரியிற் படித்த தனிநாயகம் அடிகள், 1934 முதல் ஐந்து ஆண்டுகள் உரோமாபுரியில் சமயக் கல்வி பயின்றார். அங்கேயே சக மாணவரோடு வீரமாமுனிவர் கழகத்தை நிறுவினார். பின்னர் தமிழ்நாட்டின் வடக்கன்குளத்துப் பள்ளியில் பணிபுரிந்தபோது, தமது தாய்மொழியின் இலக்கியத்தை முறையாக அறியவில்லையே என்ற குறையைப் போக்க, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணாக்கராய் அமர்ந்து பாடம் கேட்டார். உரோமாபுரியிலே பட்டம் பெற்றுத் திரும்பிய குரவர், கிராமத்துப் பண்டிதர் ஒருவரிடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்குபவரைப்போல அடக்கத்தோடு அமர்ந்தார் என்றால், அந்தப் பண்டிதரின் தராதரத்தை அறியும் கண் அவருக்கு இருந்தது என்பதே பொருள். அவர் கழகத்துக்குப் பெயர் தந்த வீரமாமுனிவரோ இத்தாலியர்; ஐரோப்பியக் குருமாருக்குத் தமிழ் கற்பிக்க அவர் இலத்தீனில் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. மாணவனுக்குத் தெருவிலே வேண்டிய பாஷையை ஒரு நூலிலும், செந்தமிழை வேறொரு நூலிலும் வகுத்த அந்த இத்தாலியரின் முறை, அந்நியருக்குப் பாஷை கற்பிக்கும் எவரும் இன்றும் பின்பற்றத்தக்கது.

இங்கே நம் யாழ்ப்பாணப் பட்டினத்துச் சுவர்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும், மூன்று மாதத்தில் ஜேர்மன், மூன்று மாதத்தில் பிரெஞ்சு, சித்தி நிச்சயம் என்ற விளம்பரங்கள் ஒட்டப்படுகின்றன. ஆனால் இத்தாலிய அரசாங்கம் தான் நடத்தும் முதியோர் கல்வி நிலையங்களில், ஏ1-க்கு 100 மணி, ஏ2-க்கு 80 மணி, தொடக்கத்தில் மாணவரை அறிந்து வரவேற்க 20 மணி என, ஆக 200 மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பாஷை காற்றிலே மிதக்கும் ஊரில், கடைக்குப் போனாலும் அதையே கேட்டுத் திரும்பும் மாணவருக்கே இவ்வளவு நேரம் வேண்டுமென்றால், வகுப்பறைக்கு வெளியே ஒரு சொல்லும் காதில் விழாத நமது பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். நெடுந்தீவிலிருந்து விடியற்காலையிலே படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்கு வந்து, இரண்டு மணி நேரம் படித்துவிட்டுக் கடைசிப் படகைத் தவறவிடக் கூடாதே என்ற பதற்றத்தோடு திரும்பும் ஓர் இளம்பெண், கழுத்திலே கிடந்த சங்கிலியை அடகு வைத்தே வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கவும் கூடும். அவளுக்குப் பொய் வாக்குக் கொடுப்பதை நான் பாதகம் என்றே சொல்வேன்.

ஆதலால், தீவகத்துப் பிரதேச சபைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். அந்நிய பாஷை கற்பிக்கும் எந்த நிலையமும் தன் வாசலிலே ஒரு பலகையைத் தொங்கவிடும்படி கேளுங்கள். அதில் முதலாவதாகப் பாடத்தின் மொத்த மணிக்கணக்கும், அடுத்து ஆசிரியர் எந்த நிலையில் எவரிடம் தேறியவர் என்பதும், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதும், கடந்த ஆண்டு வெளிப் பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேர், தேறியோர் எத்தனை பேர் என்பதும் தமிழிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் கட்டுமுன் ஒருநாள் வகுப்பிலே சும்மா இருந்து பார்க்க இடங்கொடுக்கும்படியும் கேளுங்கள். வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ உள்ள ஏதேனும் ஒரு நூல்நிலையத்தில், அந்த ஆறு படிகளின் விவரத்தையும் தமிழாக்கி, வருவோர் எல்லோரும் பார்க்கும்படி வைக்க இயலுமானால், நெடுந்தீவுப் பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை ஒருவரையும் கேளாமலே அறிந்துகொள்வாள்.