கடனட்டையும் கைக்காவலும்

கடனைத் தீர்ப்பதும் பொருளைச் சேமிப்பதும் இல்லறத்தார்க்கு உரிய இரண்டு கடமைகள். கடன் இல்லாதவர்க்குச் சேமித்தல் எளிது. சேமிப்பு உள்ளவர்க்குக் கடனைத் தீர்த்தல் எளிது. கடனும் உண்டு, கையிலே சேமிப்பும் இல்லை என்னும் நிலையில் உள்ள குடும்பத்துக்கே இடர்ப்பாடு தோன்றுகின்றது. மாத முடிவிலே மிஞ்சுகின்ற சிறு தொகையைக் கடனுக்குக் கொடுப்பதா, அன்றி ஆபத்து அந்தரத்துக்கென ஒதுக்கி வைப்பதா என்பது அக்குடும்பத்தின் முன்னே நிற்கும் வினா. இன்று பல இல்லங்களிலே இவ்வினா கடனட்டையின் வாயிலாக எழுகின்றது. விடை காண விரும்புவோர் முதலிலே கடனட்டையின் இயல்பை அறிதல் வேண்டும்.

கடனட்டை நெடுங்காலத்துப் பொருளன்று. 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் உணவுச்சாலைகளிலே காசுக்குப் பதிலாகக் காட்டக்கூடிய அட்டையை வழங்கியது. வாங்கிய கடனை முழுவதாகச் செலுத்திவிட வேண்டும் என்பது அதன் விதி. 1958ஆம் ஆண்டில் பாங்க் ஒப் அமெரிக்கா என்னும் வங்கி கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தாருக்கு ஏறக்குறைய 60,000 அட்டைகளை அஞ்சலிலே அனுப்பியது. அதிலே புதிய வசதி ஒன்று இருந்தது. கடனின் ஒரு பகுதியை மட்டும் செலுத்தி, எஞ்சியதை வட்டியுடன் அடுத்த மாதத்துக்குக் கொண்டு செல்லலாம். இக்காலத்துக் கடனட்டையின் நன்மையும் தீமையும் இந்த ஒரு வசதியிலேயே அடங்கியுள்ளன.

மாதந்தோறும் வங்கியிலிருந்து வரும் கணக்குக் கூற்றிலே இரண்டு தொகைகள் காணப்படும். ஒன்று முழு நிலுவை. மற்றையது குறைந்தபட்சக் கொடுப்பனவு. முழு நிலுவையையும் குறித்த தவணைக்குள்ளே செலுத்துபவர் பொருள் வாங்கியதற்கு வட்டி கொடுப்பதில்லை. அவருக்குக் கடனட்டை நல்லதோர் ஊழியன். குறைந்தபட்சத்தை மட்டும் செலுத்துபவரோ எஞ்சிய தொகைக்கு வட்டி கொடுக்கின்றார். அதனோடு புதிதாக வாங்கும் பொருள்களுக்கான வட்டியில்லாத காலத்தையும் பொதுவாக இழந்துவிடுகின்றார். அட்டையைக் கொண்டு காசாக எடுத்தாலோ, எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும்; தனிக் கட்டணமும் உண்டு.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். கணவர் லிகிதர், மனைவி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், வயது முதிர்ந்த ஒரு தாயார் என்று ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்ளலாம். மாதச் செலவு 1,00,000 ரூபா. செலவு போக மிஞ்சுவது 20,000 ரூபா. கூரை திருத்தியதும், மூத்த பிள்ளைக்குக் கணினி வாங்கியதும், தாயாரைத் தனியார் வைத்தியசாலையிலே சேர்த்ததும் கடனட்டையிலே 3,00,000 ரூபா நிலுவையாகி நிற்கின்றன. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24 வீதம், அதாவது மாதத்துக்கு 2 வீதம் என்று கொண்டால், முதல் மாத வட்டி மட்டும் 6,000 ரூபா ஆகின்றது.

குறைந்தபட்சக் கொடுப்பனவு நிலுவையின் நூற்றுக்கு 5 வீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதத்தில் 15,300 ரூபா செலுத்த வேண்டும். நிலுவை குறையக் குறையச் செலுத்தும் தொகையும் குறையும். குடும்பத்தார்க்கு இது இதமாகவே தோன்றும். ஆனால் முதலாண்டு முடிவிலே அவர்கள் செலுத்தியது ஏறக்குறைய 1,55,000 ரூபா. அதிலே வட்டிக்குப் போனது ஏறக்குறைய 61,000 ரூபா. புதிதாக ஒரு சதமேனும் கடன் வாங்காதிருந்தாலும், ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் 45,000 ரூபா நிலுவை நிற்கும். சுமை மாதந்தோறும் இலேசாவதாகத் தோன்றும். வழியோ நீண்டுகொண்டே போகும்.

இக்குடும்பத்துக்கு அறிவுரை கூறுவோர் இரு திறத்தினர். எதிர்காலம் யாருக்குத் தெரியும், முதலிலே மூன்று மாதச் செலவுக்கு வேண்டிய பணத்தை வங்கியிலே சேர்த்துக்கொள்ளுங்கள், கடனைப் பின்பு பார்க்கலாம் என்பர் ஒரு சாரார். இக்கூற்று கணக்குக்கு ஒவ்வாது. சேமிப்புக் கணக்கு ஆண்டுக்கு 5 வீதம் வட்டி தருமாயின், 1,00,000 ரூபாவுக்கு ஆண்டிலே கிடைப்பது 5,000 ரூபா. அதே 1,00,000 ரூபா கடனாக நின்றால் ஆண்டு வட்டி 24,000 ரூபா. ஆகவே கடனைத் தீர்க்காமல் பெருந்தொகையைச் சேமிப்பவர், ஒவ்வோர் இலட்சத்துக்கும் ஆண்டுக்கு 19,000 ரூபாவை இழக்கின்றார். ஓட்டைக் குடத்திலே நீர் நிரப்புவது போன்ற செயல் இது.

மிஞ்சுவது முழுவதையும் கடனுக்கே கொடுங்கள், ஒரு சதமும் ஒதுக்க வேண்டாம் என்பர் மற்றைச் சாரார். கணக்கு இவர்கள் பக்கமே நிற்கின்றது. மாதம் 20,000 ரூபா தவறாமல் செலுத்தினால், 18 மாத முடிவிலே ஏறக்குறைய 230 ரூபா மட்டுமே எஞ்சும். மொத்த வட்டி 60,000 ரூபா அளவில் நின்றுவிடும். இதற்கு மேலான வழி உண்டோ என்று கேட்கத் தோன்றும்.

ஆயினும் இந்தப் 18 மாதமும் அக்குடும்பத்துக்கு எந்த இடையூறும் நேராது என்று யார் உறுதி கூற முடியும்? ஆறாம் மாதத்திலே தாயாருக்கு மீண்டும் நோய் கடுமையாகலாம். மோட்டார் சைக்கிள் பழுதடையலாம். கையிலே காசில்லாதவர் அப்போது எங்கே போவார்? மீண்டும் அந்த அட்டையையே எடுப்பார். அட்டை கைகொடுக்குமாயின் கணக்கிலே பெரிய நட்டம் இல்லை என்பதும் உண்மையே. அட்டை கைகொடுக்குமா, கொடுத்தால் என்ன விலைக்குக் கொடுக்கும் என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள்.

இதற்கு இலங்கையின் அண்மைக்கால வரலாறு விடை கூறுகின்றது. 2020ஆம் ஆண்டிலே இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு விதித்தது. 2022ஆம் ஆண்டிலே நாட்டின் பொருளாதாரம் நெருக்கடிக்குள்ளான போது அந்த வரம்பு நீக்கப்பட்டது. பல வங்கிகளின் கடனட்டை வட்டி அவ்வாண்டிலேயே 30 வீதத்தைக் கடந்தது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே மத்திய வங்கி மீண்டும் வரம்பு விதித்தபோது, அவ்வரம்பு 28 வீதமாக இருந்தது. 3,00,000 ரூபா நிலுவைக்கு 18 வீதத்தில் மாத வட்டி 4,500 ரூபா. 30 வீதத்தில் 7,500 ரூபா. கடன் வாங்கியவர் புதிதாக எதுவும் வாங்கவில்லை. இருந்த இடத்திலேயே அவர் சுமை பெருத்தது. அதே 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 வீதமாயிற்று. குடும்பத்துக்குப் பணம் மிகவும் வேண்டியிருந்த காலமும், கடனட்டையின் விலை மிகவும் ஏறிய காலமும் ஒன்றாகவே வந்தன.

அட்டையின் கடன் எல்லை வங்கிக்குரியது, குடும்பத்துக்குரியது அன்று. வங்கி அதனைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். வீட்டு வாடகைக்கும் அயலூர்ப் பயணத்துக்கும் கைக்காசே வேண்டப்படும் இடங்கள் பல. இவற்றுக்கு மேலாக மனத்தின் இயல்பும் ஒன்று உண்டு. அரும்பாடுபட்டு ஆறு மாதம் குறைத்து வந்த கடன் ஒரே நாளில் மீண்டும் ஏறிவிட்டால், இதனை ஒருபோதும் தீர்க்க முடியாது என்ற சலிப்பு தோன்றும். கடன் தீர்க்கும் முயற்சியைக் கைவிடச் செய்வது பெரும்பாலும் வட்டியன்று. இந்தச் சலிப்பே ஆகும்.

ஆகவே நடுவழி ஒன்று வேண்டும். முதலிலே ஒரு சிறு கைக்காவல். அடுத்து முழு வலிமையுடன் கடன் தீர்த்தல். கடன் தீர்ந்தபின் பெரிய சேமிப்பு. ஒழுங்கு இதுவே. மேற்கூறிய குடும்பம் முதற் பத்து மாதமும் கடனுக்கு 16,000 ரூபாவும் கைக்காவலுக்கு 4,000 ரூபாவும் ஒதுக்கலாம். பத்தாம் மாத முடிவிலே கையிலே 40,000 ரூபா இருக்கும். கடன் ஏறக்குறைய 1,90,500 ரூபாவாகக் குறைந்திருக்கும். அதன்பின் 20,000 ரூபாவையும் கடனுக்கே செலுத்தினால், 21ஆம் மாதத்திலே கடன் முற்றாகத் தீரும். முழுவதையும் கடனுக்கே கொடுத்திருந்தால் ஏற்படும் செலவைக் காட்டிலும் வட்டி ஏறக்குறைய 13,000 ரூபா மிகும். காலமும் ஏறக்குறைய மூன்று மாதம் நீளும். இந்த 13,000 ரூபா, அந்தர வேளையிலே பிறர் முன் கை நீட்டாதிருப்பதற்கு அக்குடும்பம் கொடுக்கும் விலை. வருடப் பிறப்பு முற்பணத்தையோ மிகையூதியத்தையோ நம்பியிருப்பவர்க்கு ஒரு வேறுபாடு கூற வேண்டும். மிகையூதியம் சொந்தப் பணம்; அதனைக் கைக்காவலில் இட்டால் பத்து மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. முற்பணமோ மற்றொரு கடன்.

கைக்காவலை எங்கே வைப்பது? நாட்செலவுக்குரிய கணக்கிலே வைத்தால் அது நாட்செலவோடு கரைந்துவிடும். வேறொரு சேமிப்புக் கணக்கிலே வைத்தல் நன்று. நீண்ட தவணை கொண்ட நிலையான வைப்பிலே இடுதல் பொருந்தாது. வேண்டிய நாளிலே எடுக்க முடியாத பணம் கைக்காவல் ஆகாது. சீட்டுக் கட்டுதல் நம்மவரிடையே வழிவழி வந்த சேமிப்பு முறையெனினும், அந்தரம் வரும் நாளும் சீட்டு விழும் நாளும் ஒன்றாக அமைவதில்லை. கூட்டியவர் தவறினால் முதலுக்கே மோசம் வரும். நகை பல குடும்பங்களைக் காத்துள்ளது. ஆயினும் அடகு வைத்த நகைக்கும் வட்டி உண்டு. ஒரு கடனைத் தீர்க்குமுன் மற்றொரு கடன் சேர்ந்துவிடும். ஆகவே நகையை இறுதி அரணாகக் கொள்வதே முறை.

எது அந்தரம் என்பதையும் கணவனும் மனைவியும் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். நோய், வேலையிழப்பு, வீட்டுக்கோ தொழிற்கருவிக்கோ நேரும் பழுது, மரணச் செலவு என்பன அந்தரங்கள். கலியாணமும் சாமத்திய வீடும் கோயில் திருவிழாவும் நாள் குறித்து வருபவை. அவற்றுக்கு வேறாகச் சேர்க்க வேண்டும். தீபாவளி மலிவு விற்பனை அந்தரம் அன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கைக்காவலிலிருந்து எடுக்க நேர்ந்தால், எடுத்த தொகையை நிரப்பும் வரையில் மீண்டும் 16,000, 4,000 என்ற ஒழுங்குக்குத் திரும்ப வேண்டும். கடன் தீரும் வரையில் அட்டையைப் பெட்டியிலே பூட்டி வைத்தல் இவை யாவற்றுக்கும் அடிப்படை. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளிலே கடன் உள்ளவர், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத்தைச் செலுத்தி, மிஞ்சுவதை வட்டி கூடிய கடனுக்குக் கொடுப்பதே சிக்கனமான வழி.

குறைந்தபட்சத்தையும் செலுத்த இயலாத நிலையில் உள்ளோர் மௌனமாயிருத்தல் தகாது. தவணை தவறுமுன்பே வங்கிக்குச் சென்று, கடனை வட்டி குறைந்த தனியாள் கடனாக மாற்றவோ தவணைகளாகப் பிரிக்கவோ முடியுமா என்று கேட்டல் வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திலே கடன் கொடுக்கல் வாங்கல்கள் பதிவாகின்றன. தவறிய தவணைகள் நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். வங்கிக்கு அஞ்சி மீற்றர் வட்டிக்காரரிடம் போவதோ, நெருப்புக்குத் தப்பிக் கொதிநெய்யிலே விழுவதற்கு ஒப்பாகும்.

இனி, கடன் தீர்ந்த 21ஆம் மாதத்துக்குப் பின் நிகழ வேண்டியதே முதன்மையானது. மாதம் 20,000 ரூபா இல்லாமல் வாழ அக்குடும்பம் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை விடாமல், அதே தொகையைக் கைக்காவலிலே சேர்த்து வந்தால், மேலும் 13 மாதத்திலே கையிருப்பு 3,00,000 ரூபாவாகும். அது மூன்று மாதச் செலவுக்குப் போதுமானது. தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் 34 மாதம். மூன்று ஆண்டும் நிறையவில்லை. 3,00,000 ரூபா கடனோடு நின்ற குடும்பம் 3,00,000 ரூபா கையிருப்போடு நிற்கும். குறைந்தபட்சக் கொடுப்பனவையே செலுத்தி வந்திருந்தால், அதே 34ஆம் மாதத்திலே அக்குடும்பத்துக்கு இன்னும் 1,00,000 ரூபாவுக்கு மேற்பட்ட கடன் இருக்கும்.

இரண்டு வழிகளுக்கும் வருமானம் ஒன்றே. வேறுபடுவது ஒழுங்கு மட்டுமே. நேயர்கள் தத்தம் கணக்குக் கூற்றை எடுத்து, நிலுவை எவ்வளவு, வட்டி எத்தனை வீதம், மாதத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்னும் மூன்றையும் ஒரு தாளிலே எழுதிப் பார்ப்பாராயின், தமக்குரிய வழியின் தூரம் தெளிவாகும். தூரம் தெரிந்த வழி நடப்பதற்கு எளிது.