கோடைச் சுற்றுலாவும் உடல் நலமும்

கோடை விடுமுறையில் மதுரை, தஞ்சை, இராமேசுவரம் என ஊர் காணப் புறப்படுகிறீர்கள். பல்லாண்டுகள் மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்றவன் நான். தோழர் கேலி செய்வரென்று தலைவலியையும் களைப்பையும் மறைக்கும் பிள்ளைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அம்மறைப்பே ஆபத்து.

வியர்வை உலர்வதால் நம் உடல் குளிர்கிறது. ஆனால் அதனோடு நீரும் உப்பும் வெளியேறுகின்றன. ஆதலால் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் காய்ச்சி ஆறிய நீரைப் பருகுங்கள். உப்பிட்ட நீர்மோரும் நன்று. நண்பகல் 12 முதல் 3 மணிவரை நிழலில் தங்குங்கள். தளர்ந்த பருத்தி ஆடை வேர்க்குருவைக் குறைக்கும். ஈ மொய்த்த பண்டங்களை விலக்குங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகுக.

வெயிலில் நடந்த தோழன் உடல் கொதித்துப் பிதற்றினால், அது வெறும் களைப்பன்று. உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கு. உடனே 108 எண்ணை அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

நோவை உடனே சொல்வது கோழைத்தனமன்று. தனக்கும் உடன் வந்தோர்க்கும் செய்யும் கடமையாகும்.